போதைப் பொருள்களும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

பயிரில் பூச்சி விழுந்தால் குடியானவர் அதை மறைப்பதில்லை. இலையைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் செல்கிறார். இது என்ன நோய், இதற்கு என்ன மருந்து, எப்பொழுது தெளிக்க வேண்டும் என்று கேட்டறிந்து ஆவன செய்கிறார். ஆனால் வீட்டிலுள்ள வாலிபப் பிள்ளை போதைப் பொருளுக்கு ஆளாகிவிட்டான் என்று தெரிந்தால், அதே குடியானவர் கதவைச் சாத்திக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார். அக்கம்பக்கத்தார் அறிந்தால் மானம் போய்விடும் என்பது ஓர் அச்சம். போலீசார் அறிந்தால் பிள்ளை சிறைக்குப் போவான் என்பது மற்றோர் அச்சம். இவ்விரண்டு அச்சங்களுக்கும் இடையே மாதங்கள் கழிகின்றன, நோயும் முற்றிவிடுகிறது.

போதைப் பொருள் என்பது பட்டணத்துத் தொல்லை என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சாலைகளும் பேருந்துகளும் கைப்பேசிகளும் கிராமத்தைப் பட்டணத்தோடு இணைத்துவிட்ட இக்காலத்தில் அவ்வெண்ணம் பொருந்தாது. ஆதலின் இப்பொருள்களின் இயல்பு யாது, ஆராய்ச்சியாளர் கண்ட உண்மைகள் எவை, சட்டம் என்ன கூறுகிறது, பஞ்சாயத்து செய்யத்தக்கது என்ன என்பவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

கணக்கெடுப்பு கூறுவது

எந்த நோயையும் போக்குவதற்கு முன் அதன் அளவை அறிதல் வேண்டும். மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காகப் புது தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நாடு முழுவதும் ஒரு பெரிய கணக்கெடுப்பை நடத்தி, அதன் முடிவுகளை 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 186 மாவட்டங்களில் ஏறத்தாழ 2 லட்சம் வீடுகளுக்குச் சென்று, 10 வயது முதல் 75 வயது வரையிலுள்ள 4 லட்சத்து 73 ஆயிரத்திற்கு மேற்பட்டோரை விசாரித்து அது தயாரிக்கப்பட்டது.

அதன்படி நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மதுவை அருந்துகின்றனர். கஞ்சாச் செடியிலிருந்து கிடைக்கும் பொருள்களை உபயோகிப்போர் சுமார் 3 கோடியே 10 லட்சம் பேர். அபினும் அதன் வழிவந்த ஹெராயினும், அவ்வினத்தைச் சேர்ந்த வலி நிவாரண மருந்துகளும் உபயோகிப்போர் சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர். ஊசியின் மூலம் போதை மருந்தை உடலில் ஏற்றிக்கொள்வோர் சுமார் 8 லட்சத்து 50 ஆயிரம் பேர்.

இக்கணக்கில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கஞ்சா உபயோகிப்போரின் தொகை அபின் இனத்தை உபயோகிப்போரின் தொகையைக் காட்டிலும் மிகுதி. ஆயினும் உதவி தேவைப்படும் அளவுக்குத் துன்புறுவோர் அபின் இனத்திலேயே அதிகம். கஞ்சாவினால் அந்நிலையை அடைந்தோர் சுமார் 72 லட்சம் பேர். அபின் இனத்தினால் அடைந்தோர் சுமார் 77 லட்சம் பேர். எல்லாப் போதைப் பொருள்களும் ஒரே அளவு கேடு செய்வன அல்ல என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, சிகிச்சையின் பற்றாக்குறை. மதுவுக்கு அடிமையானவர்களுள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார். சட்டவிரோதப் போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களுள் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 20 பேரில் ஒருவரே. எஞ்சியோருள் பெரும்பாலோர் தம் வீட்டு மூலைகளிலும் தோப்புகளிலும் தெருவோரங்களிலும் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றனர் என்பதே இதன் பொருள்.

பொருள்களும் அவற்றின் தீங்கும்

கிராமங்களை எட்டும் பொருள்களுள் முதலில் கூறத்தக்கது கஞ்சா. அது கஞ்சாச் செடியின் பூக்கதிர். அதைப் புகைப்பதால் காலவுணர்வு மயங்குகிறது. நினைவாற்றலும் கவனமும் குன்றுகின்றன. இந்நிலையில் டிராக்டர் ஓட்டுபவனும், கதிரடிக்கும் இயந்திரத்தருகே நிற்பவனும், மோட்டார் சைக்கிளில் செல்பவனும் தமக்கும் பிறர்க்கும் ஆபத்தை விளைவிக்கின்றனர்.

ஸ்வீடன் நாட்டில் 45,000-க்கு மேற்பட்ட இராணுவப் பயிற்சியாளர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆராய்ச்சி 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பயிற்சியிற் சேருமுன் 50 தடவைக்கு மேல் கஞ்சா உபயோகித்திருந்தோரிடையே ஸ்கிசோஃப்ரீனியா என்னும் மனச்சிதைவு நோய், உபயோகியாதவரைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. இதில் கஞ்சாவின் பங்கு எவ்வளவு, பிற காரணங்களின் பங்கு எவ்வளவு என்பதை ஆராய்ச்சியாளர் விவாதித்து வருகின்றனர். ஆயினும் இளம் வயதில் தொடங்குவதும், நாள்தோறும் மிகுதியாக உபயோகிப்பதும் பேராபத்து என்பதில் ஐயமில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் மனச்சிதைவு நோய் இருந்திருப்பின், அவ்வீட்டுப் பிள்ளைகள் இதன் அருகிலும் செல்லலாகாது.

அடுத்தது அபின் இனம். அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின், புற்றுநோயாளரின் கொடிய வலியைத் தணிக்கும் அருமருந்து. மத்திய அரசின் உரிமம் பெற்ற குடியானவர்கள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் இதற்காகவே கசகசாச் செடியைப் பயிரிடுகின்றனர். அதே இனத்தைச் சேர்ந்த ஹெராயினையோ வலி நிவாரணி மாத்திரைகளையோ போதைக்காக உபயோகித்தால், அவை மூளையில் சுவாசத்தை இயக்கும் பகுதியை அடக்கிவிடுகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றுவிடும்.

மாத்திரைகளைப் பொடித்து நீரிற் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டிலும் வாலிபரிடையே பரவியிருக்கிறது. வாயால் விழுங்குவதற்கென்று செய்யப்பட்ட மாத்திரையில் மருந்தைத் தவிர மாவுப் பொருள்களும் இருக்கும். அவை இரத்தக் குழாய்களை அடைத்துவிடுகின்றன. கைகால்களில் புண்ணும் அழுகலும் தோன்றுகின்றன. ஒருவர் குத்திக்கொண்ட ஊசியை மற்றொருவர் உபயோகித்தால் எச்.ஐ.வி. கிருமியும், ஈரலைக் கெடுக்கும் மஞ்சட்காமாலைக் கிருமிகளும் பரவுகின்றன. மணிப்பூர் மாநிலத்தில் எச்.ஐ.வி. பரவியதற்கு ஊசியைப் பகிர்ந்துகொண்டதே முக்கிய காரணமாயிற்று.

மூன்றாவது, முகர்ந்து போதை கொள்ளும் பொருள்கள். சைக்கிள் பஞ்சர் ஒட்டும் பசை, எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளைத் திரவம், பெயின்ட் கரைக்கும் திரவம் முதலியன இவ்வகையைச் சேர்ந்தவை. இவை எளிதில் கிடைக்கின்றன, விலையும் குறைவு. ஆதலால் சிறுவர்கள் முதலில் கைநீட்டுவது இவற்றையே. மேற்கூறிய கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுதியாகக் காணப்பட்டது இவ்வகை ஒன்றே. முதல் தடவையிலேயே இதயம் நின்று மரணம் நேரிடுவதும் உண்டு.

கள்ளச் சாராயத்தையும் இங்கே குறிப்பிடுதல் தகும். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மெத்தனால் உடலினுள் கொடிய அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும். வயிற்று வலி, வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றியவுடன் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவமானத்திற்கு அஞ்சி வீட்டிலேயே கிடத்தி வைத்தால், உயிர் காக்கும் நேரம் கடந்துவிடும்.

அடிமைத்தனம் என்னும் நோய்

போதைப் பொருளை ஒரு முறை தொட்டவர் யாவரும் அதற்கு அடிமையாவர் என்று மேடைகளில் பேசப்படுகிறது. இது உண்மையன்று. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி, என்றேனும் கஞ்சா உபயோகித்தவர்களில் நூற்றுக்கு 9 பேரும், மது அருந்தியவர்களில் 15 பேரும், ஹெராயின் உபயோகித்தவர்களில் 23 பேரும், புகையிலை உபயோகித்தவர்களில் 32 பேரும் அதற்கு அடிமையாயினர். தன் நண்பன் கஞ்சா புகைத்தும் நன்றாகவே இருக்கிறான் என்பதைக் கண்ணால் காணும் வாலிபன், மிகைப்படுத்திக் கூறும் பெரியவரின் சொல்லை நம்புவதில்லை. அதன்பின் அவர் கூறும் மெய்யையும் நம்பமாட்டான். ஆகவே உள்ளதை உள்ளபடி கூறுவதே நலம். அந்த நூற்றுவரில் தான் எந்தப் பக்கம் விழுவான் என்பதை எவனும் முன்கூட்டி அறிய இயலாது. இளம் வயதில் தொடங்குவோர்க்கு ஆபத்து மிகுதி. இவ்வளவே போதுமான எச்சரிக்கை.

அடிமையானவனின் மூளையில் நிகழ்வது என்ன? உணவு, உறவு, உழைப்பின் பயன் ஆகியவற்றால் மனிதனுக்கு மகிழ்ச்சியுண்டாக்கும் நரம்புப் பாதையைப் போதைப் பொருள் அளவுக்கு மீறித் தூண்டுகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு போதிய அளவு இப்போது போதுவதில்லை. பொருள் கிடைக்காதபோது உடல் நடுங்குகிறது; வியர்க்கிறது; உறக்கம் வருவதில்லை. இன்பத்திற்காகத் தொடங்கியவன், இத்துன்பத்தினின்று தப்பவே அதை நாடுகிறான். வெறும் மனவுறுதிக் குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. நீரிழிவைப் போலவும் இரத்த அழுத்தத்தைப் போலவும் நீண்டநாள் கவனிப்பு வேண்டிய நோய் இது; இடையிடையே மீண்டும் தலைதூக்கும் இயல்பும் உடையது.

ஆயினும் சூழ்நிலை மாறினால் மனிதன் மாறுவான் என்பதற்கும் சான்று உண்டு. வியத்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் படைவீரர்களுள் ஐவரில் ஒருவர் அங்கு ஹெராயின் முதலியவற்றிற்கு அடிமையாகியிருந்தனர். 1971-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியோரை லீ ராபின்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் தொடர்ந்து கவனித்தார். அங்கு அடிமையாயிருந்தோருள் ஊர் திரும்பிய முதலாண்டில் நூற்றுக்கு 5 பேர் அளவிலேயே மீண்டும் அடிமையாகக் காணப்பட்டனர். போர்முனையின் அச்சமும் சலிப்பும் நீங்கி, குடும்பமும் வேலையும் கிடைத்தமையே இம்மாறுதலுக்குப் பெருங்காரணம். வேலையில்லாமல் திரியும் வாலிபனுக்கு ஒரு தொழில் கற்பிப்பதும், ஊரார் அவனை ஒதுக்காமலிருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பதை இதிலிருந்து அறியலாம்.

அரசுகள் கையாண்ட வழிகள்

போதைப் பொருளைப் பற்றிய அரசாங்கக் கொள்கை காலத்திற்குக் காலம் மாறி வந்துள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் ஆட்சியினர் இந்தியாவில் அபின் விளைவித்துச் சீனத்திற்கு அனுப்பிப் பெரும் வருமானம் ஈட்டினர். அதைத் தடுக்க முயன்ற சீனத்தின்மீது 1839-ஆம் ஆண்டில் போரும் தொடுத்தனர். கஞ்சாவைப் பற்றி ஆராய 1893-ஆம் ஆண்டில் ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டது. அது 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, மிதமான உபயோகம் பெருந்தீங்கு செய்வதில்லை, மிகையான உபயோகமே தீங்கு, ஆதலின் முழுத்தடை வேண்டாம், வரியும் கட்டுப்பாடும் போதும் என்று 1894-ஆம் ஆண்டில் அறிக்கை தந்தது.

சுதந்திரம் பெற்ற பின்னர் நமது அரசியல் சட்டத்தின் 47-ஆம் பிரிவு, மருத்துவத்திற்கன்றி மதுவும் உடல்நலத்தைக் கெடுக்கும் போதைப் பொருள்களும் உபயோகிக்கப்படுவதைத் தடை செய்ய அரசு முயல வேண்டுமென்று விதித்தது. 1961-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவில் ஏற்பட்ட உடன்படிக்கையில் இந்தியாவும் சேர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1985-ஆம் ஆண்டில் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இன்றும் நடைமுறையிலிருப்பது, பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்ற இச்சட்டமே.

பிற நாடுகளின் அனுபவமும் நமக்குப் பயன்படும். போர்ச்சுகல் நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல், 10 நாள் உபயோகத்திற்கு மேற்படாத அளவு வைத்திருப்பவர் சிறைக்கு அனுப்பப்படுவதில்லை. சிறு குழுவொன்று அவரை விசாரித்துச் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது. விற்பனை மட்டும் குற்றமாகவே நீடிக்கிறது. சிகிச்சை வசதிகளும் அதே சமயத்தில் பெருக்கப்பட்டன. ஊசியால் எச்.ஐ.வி. பரவுவது அங்கு வெகுவாகக் குறைந்தது. பலர் அஞ்சியவாறு போதை உபயோகம் பெருவெள்ளமாகப் பெருகவில்லை.

குடியானவர்கள் அறியத்தக்கது தாய்லாந்தின் வரலாறு. அந்நாட்டின் வடபகுதி மலைவாழ் மக்கள் கசகசாச் செடி பயிரிட்டு அபின் விற்றுப் பிழைத்தனர். 1969-ஆம் ஆண்டில் மன்னரின் பெயரால் தொடங்கிய திட்டம் அவர்களுக்குக் காப்பி, குளிர்ப் பிரதேசக் காய்கறிகள், பழங்கள், மலர்கள் ஆகியவற்றைப் பயிரிடக் கற்பித்தது. சாலையும் பள்ளியும் அமைந்தன. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும் ஏற்பாடாயிற்று. பயிரை அழிக்கும் நடவடிக்கை, மாற்று வருமானம் வேரூன்றிய பின்னரே 1980-களின் நடுவில் தொடங்கியது. வயிற்றுக்கு வழிகாட்டாமல் பயிரை மட்டும் அழித்தால், அது அடுத்த மலையில் முளைக்கும் என்பதை அந்நாட்டார் உணர்ந்திருந்தனர்.

சட்டம் விதிக்கும் கடமைகள்

நமது சட்டத்தில் கைப்பற்றப்படும் அளவுக்கேற்பத் தண்டனை மாறும். கஞ்சாவில் 1 கிலோ வரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. ஹெராயினில் 5 கிராம் வரை சிறிய அளவு; 250 கிராமுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை கடுங்காவலோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வணிக அளவாயின் 10 ஆண்டுக்குக் குறையாமல் 20 ஆண்டு வரை சிறையும், 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சில நூறு ரூபாய்க் கூலிக்கு ஆசைப்பட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று கேளாமல் பிறர் தந்த மூட்டையைச் சுமந்து செல்லும் ஏழை வாலிபன், தன் இளமை முழுவதையும் சிறையில் கழிக்க நேரிடலாம். இதை ஒவ்வொரு தாய் தந்தையும் தம் பிள்ளைக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

கஞ்சாச் செடியைப் பயிரிடுவது 10 ஆண்டு வரை கடுங்காவலுக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கும் உரிய குற்றம். இத்தனை செடி வரை வளர்க்கலாம் என்ற விலக்கு சட்டத்தில் எங்குமில்லை. உத்தராகண்ட் மாநிலத்தில் நாருக்காகப் போதைச் சத்துக் குறைந்த சணல் வகைக் கஞ்சாவைப் பயிரிட உரிமம் வழங்கப்படுகிறது. அச்செய்தியைக் கேட்டு, உரிமமின்றி நம் நிலத்தில் விதை தூவுவோர் பெருந்துன்பத்திற்கு ஆளாவர்.

இனி, நில உடைமையாளரும் பஞ்சாயத்து உறுப்பினரும் நினைவிற் கொள்ள வேண்டிய இரண்டு பிரிவுகளைக் கூறுவோம். சட்டத்தின் 46-ஆம் பிரிவின்படி, தம் நிலத்தில் சட்டவிரோதமாகக் கஞ்சாச் செடியோ கசகசாச் செடியோ பயிரிடப்பட்டிருப்பதை அறிந்த நில உடைமையாளர் உடனே அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிந்தும் தெரிவியாதிருத்தல் குற்றம். 47-ஆம் பிரிவு இதே கடமையை அரசு அலுவலர்க்கும், பஞ்சாயத்துத் தலைவர்க்கும், உறுப்பினர்க்கும், கிராம அலுவலர் யாவர்க்கும் விதிக்கிறது. எந்த நிலத்தில் அத்தகைய பயிர் இருப்பது தம் அறிவுக்கு எட்டினாலும் அவர்கள் உடனே தகவல் தர வேண்டும். தவறினால் தண்டனைக்குரியவர் ஆவர். நமக்கேன் வம்பு என்று இருந்துவிடும் உரிமை பஞ்சாயத்து உறுப்பினர்க்கு இல்லை.

25-ஆம் பிரிவும் கவனிக்கத்தக்கது. தம் வீடு, கொட்டகை, தோப்பு, வண்டி ஆகியவற்றைப் போதைப் பொருள் வைப்பதற்கோ விற்பதற்கோ அறிந்தே விட்டுக்கொடுப்பவர், அக்குற்றத்தைச் செய்தவர்க்குரிய தண்டனையையே அடைவர். வெளியூரில் வசித்துக்கொண்டு பம்புசெட்டுக் கொட்டகையைப் பிறர்வசம் விட்டிருப்போர், அங்கு நடப்பதை இடையிடையே வந்து பார்த்துச் செல்வது நன்று.

தகவல் தந்தால் பகை வருமே என்று பலர் அஞ்சுகின்றனர். தகவல் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கூறும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 68-ஆம் பிரிவு பாதுகாப்பளிக்கிறது. அதே சமயம், தேர்தல் பகையையோ வரப்புத் தகராறையோ மனத்திற்கொண்டு வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்து ஒருவரைச் சோதனைக்கோ கைதுக்கோ உள்ளாக்குபவர்க்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. இச்சட்டத்தைக் கட்சிச் சண்டைக்குக் கருவியாக்குவது, மெய்யான தகவல் வரும்போதும் அதை எவரும் நம்பாமற் செய்துவிடும்.

சிறுவரைக் காக்கத் தனிச் சட்டமும் உண்டு. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவருக்கு மதுவோ போதைப் பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பவர்க்கும், மதுவையோ போதைப் பொருளையோ விற்கவும் சுமக்கவும் சிறுவரைப் பயன்படுத்துபவர்க்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

சிகிச்சைக்குத் திறந்திருக்கும் வாயில்

உபயோகிப்பவரும் நமது சட்டத்தின்படி குற்றவாளியே. ஆயினும் அவர் திருந்த ஒரு வாயிலைச் சட்டமே திறந்து வைத்திருக்கிறது. உபயோகித்ததற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட ஓர் அடிமை, தாமாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற நிலையத்திலோ சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக அவர்மீது வழக்கு நடத்தப்படாது என்று 64-ஏ பிரிவு கூறுகிறது. சிகிச்சையை முடிக்காமல் இடையில் விட்டால் இப்பாதுகாப்பு நீக்கப்படலாம். கதவைச் சாத்திக்கொண்டு அஞ்சியிருக்கும் பெற்றோர்க்குப் பஞ்சாயத்து உறுப்பினர் முதலில் தெரிவிக்க வேண்டிய செய்தி இதுவே.

சிகிச்சை எத்தகையது? அபின் இனத்திற்கு அடிமையானோர்க்கு மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளவாகக் கொடுத்து நல்வாழ்வு வாழச் செய்யலாம் என்று நியூயார்க் நகர மருத்துவர் இருவர் 1965-ஆம் ஆண்டில் நிரூபித்தனர். உலக சுகாதார நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் மெத்தடோனையும் பூப்ரிநார்ஃபினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. ஒரு போதையை விடுத்து மற்றொன்றைக் கொடுப்பதா என்று சிலர் கேட்பர். மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் இம்மருந்து, ஊசியையும் திருட்டையும் திடீர் மரணத்தையும் குறைக்கிறது. மனிதன் வேலைக்குப் போகிறான், குடும்பத்தைக் காக்கிறான். கஞ்சாவுக்கும் முகரும் பொருள்களுக்கும் இத்தகைய மாற்று மருந்து இல்லை. அவர்களுக்கு மனநல ஆலோசனையும் குடும்பத்தின் துணையுமே முக்கியம்.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரை அறையிற் பூட்டித் திடீரென மதுவை நிறுத்தினால், வலிப்பும் சித்தப் பிரமையும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரிடலாம். மருத்துவர் துணையுடனேயே நிறுத்த வேண்டும். இரண்டாவது, சிறையிலிருந்தோ சிகிச்சை நிலையத்திலிருந்தோ திரும்பியவர் பழைய அளவு ஹெராயினையோ மாத்திரையையோ மீண்டும் எடுத்தால், உடலின் தாங்கும் சக்தி குறைந்துவிட்டமையால் மரணமடையக்கூடும். வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் குடும்பத்தார் அவரைத் தனியே விடலாகாது. ஒருவர் எழுப்பினாலும் எழாமல், மூச்சுத் திணறி, உதடு நீலம் பூத்துக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108 ஊர்தியை அழைக்க வேண்டும். மூன்றாவது, அடித்தும் சங்கிலியால் பிணைத்தும் திருத்துவதாகக் கூறும் இடங்களை நாடலாகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மது, போதைப் பொருள்களால் விளையும் மனநோய்களையும் தன்னுள் அடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை அச்சட்டம் அறவே தடுக்கிறது.

வருமுன் காத்தல்

போதை ஒழிப்பு என்றால் ஊர்வலம் நடத்துவதும், உறுதிமொழி எடுப்பதும், பள்ளியில் ஒருநாள் சொற்பொழிவு செய்வதும் என்றே பலர் நினைக்கின்றனர். இவற்றின் பயனை ஆராய்ந்தவர்கள் கூறுவது வேறு. அமெரிக்காவில் 1983-ஆம் ஆண்டு முதல் போலீசார் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தும் திட்டமொன்று நாடெங்கும் பரவியது. பின்னர் சோதித்துப் பார்த்தபோது, அப்பாடம் கேட்ட மாணவர்க்கும் கேளாதவர்க்கும் போதைப் பழக்கத்தில் நிலையான வேறுபாடு காணப்படவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் போதைப் பொருள் தடுப்பு அலுவலகம் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும், அச்சமூட்டும் பிரசாரத்தால் பயன் விளைவதாகச் சான்றில்லை என்கின்றன. பெற்றோர்க்குப் பிள்ளை வளர்ப்பு முறைகளைக் கற்பித்தல், தீய தோழரை மறுத்துப் பேசவும் மனக்கவலையைத் தாங்கவும் மாணவர்க்குப் பயிற்சியளித்தல், பள்ளியை விட்டு இடையில் நிற்காமற் பார்த்துக்கொள்ளுதல் ஆகியவையே பயன் தருவன என்று அவை கூறுகின்றன.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் ஒரு பஞ்சாயத்து தன் எல்லைக்குள் எவ்வாறு நிறைவேற்றலாம்? முதலில், பள்ளியை விட்டு நின்ற சிறுவர்களின் பட்டியலைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து தயாரிக்க வேண்டும். அவர்களுள் ஒவ்வொருவரின் வீட்டிற்கும் ஓர் உறுப்பினர் செல்வது அரிதன்று.

இரண்டாவது, பாழடைந்த கட்டடம், உபயோகமற்ற பம்புசெட்டுக் கொட்டகை, விளக்கில்லாத ஏரிக்கரை ஆகிய இடங்களைக் கண்டறிந்து, விளக்கு வைத்தும் புதரை வெட்டியும் ஊரார் நடமாட்டத்திற்கு உரியனவாக்க வேண்டும். விளையாட்டுத் திடலும் நூலகமும் மாலை வேளையில் திறந்திருக்கச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, ஊரிலுள்ள கடைக்காரர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் அழைத்துப் பேச வேண்டும். சிறுவருக்குப் பசையையும் திரவத்தையும் விற்பதில்லை என்றும், மருத்துவர் சீட்டின்றி வலி நிவாரணி, தூக்க மாத்திரைகளைக் கொடுப்பதில்லை என்றும் அவர்கள் ஒப்புக்கொள்ளச் செய்ய வேண்டும்.

நான்காவது, அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் எந்த நாளில் மனநல மருத்துவர் வருகிறார் என்பதைக் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எழுதி வைக்க வேண்டும். போதையிலிருந்து விடுபட ஆலோசனை கூறும் 14446 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையும், போதைப் பொருள் கடத்தலைப் பற்றித் தகவல் தருவதற்குரிய 1933 என்னும் எண்ணையும் அதனுடன் சேர்த்து எழுதலாம்.

ஐந்தாவது, கிராம சபையில் இப்பொருளைப் பேசும்போது எந்த வீட்டின் பெயரையும், எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்லலாகாது. விற்பவனைப் பற்றிய தகவல் போலீசாருக்குச் செல்லட்டும். உபயோகிப்பவனைப் பற்றிய செய்தி அவன் பெற்றோரோடும் மருத்துவரோடும் நிற்கட்டும். சபையில் ஒருமுறை மானமிழந்த குடும்பம் பிறகு எந்த உதவிக்கும் முன்வராது. அதைக் கண்ட மற்றக் குடும்பங்களும் வாய் திறவா.

ஆறாவது, சிகிச்சை பெற்றுத் திரும்பியவனுக்கு வேலை வேண்டும். ஊரக வேலைத் திட்டமோ, தொழிற்பயிற்சியோ, ஆட்டுக்குட்டி வாங்கக் கூட்டுறவுக் கடனோ, அவனுக்குத் தகுதியுள்ள ஒன்றை முயன்று பெற்றுத் தருவது பஞ்சாயத்தால் இயலும். பழையதை நினைவூட்டி இகழும் ஊரில் அவன் மீண்டும் பழைய தோழரையே நாடுவான்.

ஓர் ஊரின் நிலம் பாழ்பட்டால் எருவிட்டு மீட்கலாம். கிணறு தூர்ந்தால் தூர் வாரலாம். உழைக்கும் வயதில் பிள்ளைகளை இழந்த ஊர் அந்நிலத்தையும் கிணற்றையும் யாரைக் கொண்டு காக்கும்? பஞ்சாயத்து உறுப்பினர்களும் குடியானவர்களும் இதை எண்ணிப் பார்த்து, வருகிற கிராம சபையிலேயே மேற்கூறிய ஆறு வேலைகளுள் இரண்டையேனும் தொடங்குவார்களாக.